அழிந்ததும் அழித்ததும்: 'டிஸ்ட்ராய்' எங்கே இடறுகிறது

"தனுஷ்கோடி 1964-ல் அழிந்தது." இதை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் பலருக்கும் "தனுஷ்கோடி டிஸ்ட்ராய்ட் இன் 1964" என்றுதான் வரும். தப்பு. தனுஷ்கோடி போய் எதையோ அழித்துவிட்டது என்று ஆகிவிடும். எதை என்று வாசிக்கிறவர் தேடுவார்.

குழப்பம் தமிழிலிருந்து வருகிறது. நமக்கு அழிந்தது, அழித்தது என்று இரண்டு உண்டு. நடுவில் ஓர் எழுத்து மாறினாலே யார் செய்தது, யாருக்கு நடந்தது என்று புரிந்துவிடும். டிஸ்ட்ராய் 'அழித்தது' மட்டும்தான். 'அழிந்தது' வேண்டுமென்றால் முன்னால் 'வாஸ்' போட்டே ஆகணும், பன்மைக்கு 'வேர்': "தனுஷ்கோடி வாஸ் டிஸ்ட்ராய்ட் பை த சைக்ளோன்." அழித்தது எதுவோ அதற்கு முன் 'பை', ஆண்டுக்கு 'இன்'. 'பை 1964' என்றால் '1964-க்குள்' என்று பொருள் மாறும்.

ஸ்பெல்லிங்கில் ஒரு வழுக்கல்: ஒய்க்கு முன்னால் ஓ இருப்பதால் ஒய்யை மாற்றாமல் ஈ-டி சேர்க்கணும். 'ட்ரை' மாதிரி ஐ போடக்கூடாது. அழுத்தம் 'ட்ராய்' மேல்.

அடுத்தது, எவ்வளவு போனால் டிஸ்ட்ராய்? தனுஷ்கோடியை அழித்த அதே 1964 டிசம்பர் புயலில் பழைய பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) கடலுக்குள் போயின. ஆனால் கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. 46 நாளில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு 'டேமேஜ்' போதும். தனுஷ்கோடியில் தேவாலயம் மொட்டைச் சுவராக நிற்கிறது, பழைய ஊர் திரும்பவில்லை. டிஸ்ட்ராய் அதற்குத்தான். வலைக்கும் இதே கணக்கு. பாறையில் மாட்டி நாலு கண்ணி அறுந்தால் டேமேஜ், தைத்துக்கொண்டு மறுபடி கடலுக்குப் போகலாம். விசைப்படகின் காற்றாடியில் (புரொப்பெல்லரில்) சுற்றி நார்நாராகிவிட்டால் டிஸ்ட்ராய்.

ஆள் வைத்து இடிக்கிற கட்டடத்துக்கு 'டிமாலிஷ்'.

தமிழ் 'அழி' போகிற இடமெல்லாம் இது வராது. கரும்பலகையை அழித்தால் 'இரேஸ்', போனில் படத்தை அழித்தால் 'டெலீட்'. காசை அழித்தான் என்றால் 'வேஸ்ட்'. மழையில் நனைந்து கெட்ட கருவாட்டுக்கு 'ஸ்பாயில்'.

புயல் மாதிரி ஒன்றில் மனிதர் செத்தால் 'கில்' தான். அந்த 1964 புயலில் கடல் அடித்துப்போன ரயிலில் இருந்து செத்தவர்களுக்கு 'வேர் கில்ட்' என்றே எழுதணும். "த நியூஸ் டிஸ்ட்ராய்ட் ஹிம்" என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார், மனம்தான் நொறுங்கிப்போனது.