ஆன்ரோடு விலையை அயிட்டம் அயிட்டமாகப் பேசுங்கள்

தமிழ்நாட்டில் எந்த கார் ஷோரூமுக்குள் நுழைந்தாலும் முதலில் கைக்கு வருவது ஒற்றைத் தாள் கொட்டேஷன். மேலே எக்ஸ் ஷோரூம் விலை (வண்டிக்கு மட்டும்), அடியில் ஆன்ரோடு விலை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து), நடுவில் ஏழெட்டு அயிட்டம். "எவ்வளவு சார் குறைப்பீங்க?" என்று மொட்டையாகக் கேட்டால் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். அதை நடுவில் உள்ள அயிட்டங்களில் திரும்ப எடுத்துக்கொள்வது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை. அதனால் நாங்கள் தள்ளுபடியில் தொடங்குவதில்லை, அந்த நடுப்பகுதியில்தான் தொடங்குவோம்.

முதலில் குறையவே குறையாததை ஒதுக்கிவிடுங்கள். ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், விலை 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீத டிசிஎஸ் (ஷோரூம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி). இந்த டிசிஎஸ் உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆயுள் வரியில்தான் ஒரு பள்ளம் இருக்கிறது. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். கூடுதல் தொகைக்கு மட்டுமல்ல, மொத்த விலைக்கும் அந்த விகிதம். 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1,29,350 ரூபாய், 10.05 லட்சம் வண்டிக்கு 1,80,900. பத்தாயிரம் ரூபாய் கூடுதல் வேரியன்ட் ஐம்பதாயிரத்துக்கு மேல் இழுத்துவிடும். சன்ரூஃபுக்காக அந்தக் கோட்டைத் தாண்டுபவர்கள் எவ்வளவு பேரம் பேசியும் அதை மீட்க முடியாது.

பெரிய பணம் இருப்பது இன்சூரன்ஸில். புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குக் கட்டாயம். அதன் கட்டணம் இன்ஜின் சிசியைப் பொறுத்தது, எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது சொந்தச் சேத காப்பீட்டிலும் ஆட்-ஆன்கள் என்ற கூடுதல் கவர்களிலும். ஷோரூம் போட்டுத் தரும் பாலிசிக்கும் வெளியே அதே கவரேஜுக்கும் பதினைந்தாயிரம், இருபதாயிரம் இடைவெளி இருப்பது சாதாரணம். வெளியே விலை கேட்கும்போது மூன்று விஷயம் ஒன்றாக இருக்க வேண்டும்: ஐடிவி (வண்டி முழுசாகப் போனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை), ஸீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர்), மற்ற ஆட்-ஆன்கள். ஐடிவியை முப்பதாயிரம் குறைத்துப் போட்டு "நம்ம பிரீமியம் கம்மி" என்று காட்டும் வித்தை இரண்டு பக்கமும் நடக்கும். புது வண்டிக்கு எக்ஸ் ஷோரூம் விலையில் 95 சதவீதம் ஐடிவி என்பது கணக்கு.

வெளியே எடுக்கிறேன் என்றதும் இரண்டு பதில் வரும். "கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பது முதலாவது. ரிப்பேர் பில்லைக் காப்பீட்டு நிறுவனமே சர்வீஸ் சென்டருக்கு நேராகக் கட்டுவதுதான் கேஷ்லெஸ். அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்த சர்வீஸ் சென்டர் இருந்தால் கிடைக்கும். பட்டியலைப் பார்த்துவிட்டே போங்கள். "அப்படின்னா டிஸ்கவுண்ட் குறையும்" என்பது இரண்டாவது. இது நிஜமாகவே நடக்கலாம், ஏனென்றால் அவர்களுடைய கமிஷன் அதில் இருக்கிறது. சண்டை வேண்டாம். வெளிக் கொட்டேஷனை நீட்டி, "இந்த பிரீமியத்துக்குக் கொண்டு வாங்க, உங்ககிட்டயே எடுக்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் என்ற பெயரில் வருவது அரசுக் கட்டணம் அல்ல, ஷோரூம் போட்டது. அதைக் கொட்டேஷனிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். 'எசென்ஷியல் கிட்' என்று மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், டெஃப்லான் கோட்டிங் எல்லாம் ஒரே தொகையில் வந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இலவச ஆக்சஸரீஸ் என்று தருவதைவிட அதே மதிப்பில் பாதியைப் பணமாகக் குறைத்தால்கூட லாபம் நமக்குத்தான்.

தள்ளுபடியில் கேஷ் டிஸ்கவுண்ட், கார்ப்பரேட், எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று தனித்தனி இருக்கும். கார்ப்பரேட்டுக்கு அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ போதும். கேட்காவிட்டால் பல இடங்களில் சொல்ல மாட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் கவனம். போனஸ் முப்பதாயிரம் என்று காட்டிவிட்டு பழைய வண்டியின் விலையில் நாற்பதாயிரம் குறைப்பார்கள். வெளியே ஒரு விலை கேட்டு வைத்துக்கொண்டு, பழைய வண்டி விலை, போனஸ் இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். லோனிலும் இதே கதை: 'ஃபிளாட் 6 பர்சென்ட்' என்றால் கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி, அது ஐந்து வருடக் கடனில் குறையும் நிலுவைக் கணக்குக்குக் கிட்டத்தட்ட 11 சதவீதம்.

எப்போது போவது? ஆடியில் புது வண்டி எடுக்க நம் ஊரில் ஆள் குறைவு. ஷோரூமில் நிதானமாகப் பேசலாம். மார்கழி அதைவிட நல்லது, வருடக் கடைசி ஸ்டாக்கைத் தள்ளும் அவசரமும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் சிக்கலும் அங்கேதான். புக்கிங்கை மார்கழியில் போட்டு, பில்லும் டெலிவரியும் தையில் என்றால் டிசம்பர் ஆஃபர் போய்விடும். விலை பில் போடும் நாளைப் பொறுத்தது என்று புக்கிங் படிவத்திலேயே இருக்கும். டிசம்பர் 31க்குள் பில், இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் முடித்து, வண்டியை மட்டும் பொங்கலன்று எடுத்துக்கொள்கிறேன் என்று பேசினால் சில டீலர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆயுத பூஜை வாரத்தில் மட்டும் பேரத்துக்குப் போகாதீர்கள்.

ஒரே கம்பெனியின் இரண்டு வேறு டீலரிடம், ஒரே வேரியன்ட், ஒரே நிறத்துக்கு எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். வாய்ச் சொல் கணக்கில்லை. "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று போனவர் திரும்பி வந்து சொல்லும் தொகையையும் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். புக்கிங் தொகையைக் குறைவாகவே கட்டுங்கள், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் கேட்டுவிட்டு.

மீதிப் பணத்துக்கு முன் சேஸிஸ் நம்பரை வாங்கி, யார்டில் அந்த வண்டியையே பாருங்கள். தயாரான மாதமும் வருடமும் ஆர்சியில் ஏறும் என்பதால் பழைய வருட ஸ்டாக் என்றால் அதற்குத் தனித் தள்ளுபடி கேட்க வேண்டும். டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 3825 என்றால் 2025இன் 38வது வாரம். ஓடோமீட்டர், பம்பர் ஓரம், கதவு இடைவெளி, பெயின்ட் நிற வித்தியாசம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குறை தெரிந்தால் பதிவுக்கு முன்பே வேறு வண்டி கேளுங்கள். உங்கள் பெயரில் பதிவான பிறகு மாற்றித் தர எந்த ஷோரூமும் முன்வராது.