நிழலில் நிற்கும் வேனுக்கு எத்தனை வாட் சோலார்?

கேம்பர் வேனுக்கு சோலார் என்றதும் பலரும் கூரையை அளக்கப் போய்விடுகிறார்கள். முதலில் கணக்கெடுக்க வேண்டியது குளிர்பெட்டியை. 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டி ஓடும்போது சுமார் 45 வாட் இழுக்கும். கோலாலம்பூர் வெக்கையில் அது நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டால் 540 வாட்-மணி. 25 வாட் காற்றாடி இரவு 8 மணி நேரம் சுற்றினால் 200. விளக்கு, கைப்பேசிக்கு ஒரு 100. ஆக 840.

வெயிலுக்கு நாளொன்றுக்கு 4 மணி நேரம் என்று கணக்கு வைப்பது பத்திரம். காலை பளிச்சென்று இருந்தாலும் பிற்பகலில் இடிமழை கொட்டும் ஊர் இது. அதிலும் 30 சதவீதத்தைக் கழித்துவிடுங்கள். கூரைமேல் பேனல் 65 டிகிரி வரை சுடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அதிலேயே 15 சதவீதம் போய்விடுகிறது. மிச்சம் தூசிக்கும் ஒயருக்கும். 840-ஐ 4-ஆல் வகுத்து, மீண்டும் 0.7-ஆல் வகுத்தால் 300 வாட் வரும்: 150 வாட் பேனல் இரண்டு. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே 3 செ.மீ. இடைவெளி விட்டால் அடியில் காற்று ஓடும். கூரையோடு ஒட்டுகிற வளையும் பேனல் பார்க்க அழகுதான், ஆனால் சூடு போக வழியில்லாமல் சீக்கிரம் பாழாகும்.

இரண்டு பேனலையும் பேரலலாக, அதாவது பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் என்று இணையுங்கள். ஆற்றங்கரையில் நாம் தேடுவதே மரநிழல்தானே. ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது தன் பங்கைத் தரும். ஓப்பன் சர்க்கியூட் வோல்ட் (எதோடும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்ட்) 22-க்குக் குறையாத பேனலாகப் பாருங்கள். சூட்டில் வோல்ட் இறங்கும். பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர்களில் சில, பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாகக் கிடைத்தால்தான் வேலையையே தொடங்கும்.

கன்ட்ரோலர் 30 ஆம்பியர் போதும். அதைப் பேட்டரியிலிருந்து 1 மீட்டருக்குள் மாட்டி, 10 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். மெல்லிய ஒயரை 3 மீட்டர் இழுத்தால் வழியிலேயே 0.4 வோல்ட் தொலையும். கன்ட்ரோலரோ பேட்டரி நிறைந்துவிட்டது என்று ஏமாந்து மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ்.

பேட்டரி 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 1280 வாட்-மணி. ஹையேஸ் மாதிரி வேன்களில் முன்சீட்டுக்கு அடியில்தான் என்ஜின்; பேட்டரியை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சூடு ஏறினால் பேட்டரிக்கு உள்ளிருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்கியூட் சார்ஜை வெட்டிவிடும், சோலார்தான் கெட்டது என்று நினைத்துப் பேனலைக் கழற்றுவோம். பின்பக்கத் தரையே நல்ல இடம்.

இரண்டு நாள் மேகமூட்டம் என்றால் இந்தப் பேட்டரி தாங்காது. அதற்காக மூன்றாவது பேனல் வாங்க வேண்டாம், வேன் ஓடும்போது என்ஜின் மின்சாரத்தில் இந்தப் பேட்டரியை நிரப்பும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வாங்குங்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 4 மணி நேரம் ஓட்டினாலே காலிப் பேட்டரி நிறைந்துவிடும்.

இணைக்கும்போது கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 முனைகளில் ஆணும் பெண்ணும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். வெவ்வேறு பிராண்டைச் சேர்த்தால் பொருந்தியதுபோலத் தெரியும், உள்ளே சூடேறி உருகும். கூரையில் ஒயர் நுழையும் துளை வேனின் பின்பக்கம் பார்த்து இருக்கட்டும். முன்பக்கம் பார்த்து இருந்தால் நெடுஞ்சாலை மழை நேராக உள்ளே வரும்.