திருகோணமலையில் என் மகனின் புதுநன்மை

நான் தூத்துக்குடிக்காரி. கணவருக்குத் திருகோணமலை. வளைகுடாவில் வேலை பார்த்த இடத்தில் பழக்கமாகி, கல்யாணம் முடித்து, அங்கேயே குடும்பம் நடத்தினோம். 2022இல் இலங்கை பெட்ரோல் வரிசையிலும் மின்வெட்டிலும் தவித்துக்கொண்டிருந்தது. ஊரே பாஸ்போர்ட் எடுக்க ஓடிய அந்த வருஷம் நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். காரணம் மகன்தான். அவனுக்கு ஆட்டிசம். அங்கே அவனைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்ட எங்கள் இரண்டு பேர் சம்பளமும் காணாது. இங்கே கணவரின் அம்மா, என் மாமி இருந்தார், சொந்த வீடு இருந்தது, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் விசேட கல்வி அலகு இருந்தது.

மொழி ஒன்றுதானே, உனக்கென்ன கஷ்டம் என்று தூத்துக்குடியில் கேட்கிறார்கள். மீன்கடையில் நான் வாய் திறந்தாலே "பிள்ளை இந்தியாவோ?" என்று கேள்வி வந்துவிடும். எனக்கு வதிவிட விசா. அதைப் புதுப்பிக்க இரவு ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்தில் காத்திருக்க வேண்டும். 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் விட்டார்கள். சில மாதத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் என் அம்மா மாதம் ஒரு தடவை கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து இறங்கியிருப்பார்.

வந்த புதிதில் எனக்குத் தெரிந்த இடம் என்று இருந்தது கத்தோலிக்கக் கோயில் ஒன்றுதான். பாட்டுகளின் மெட்டு மாறியிருந்தது, மற்றபடி பூசை பூசைதான். ஆகஸ்ட் 5 வந்தால் பனிமய மாதா திருவிழா ஞாபகத்தில் மனசு அடித்துக்கொள்ளும், அது வேறு விஷயம். இந்த ஊரில் கத்தோலிக்கர் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. மறைமாவட்டம் என்னவோ பழையது. 1893இல் தொடங்கி, இடையில் மட்டக்களப்பையும் பெயரில் சேர்த்துக்கொண்டு, 2012இல் தனித்தனியாகப் பிரிந்தது. பழைய குடும்பங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று தெரிந்தவை. ஆண்கள் சூசையப்பர் கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். அதனால் மாமியின் பேரன் பூசை நடுவில் எழுந்து கையைப் படபடவென்று அடித்தால், திரும்பிப் பார்ப்பவர்களுக்கு அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். அந்த வயதுக்கு மற்றப் பிள்ளைகள் புதுநன்மை, அதாவது பூசையில் முதல் தடவையாக நற்கருணை அப்பம், வாங்கிவிட்டார்களே என்றும் தெரியும்.

வளைகுடாவில் இருந்தபோது ஒரு முறை கேட்டுப் பார்த்திருந்தோம். மறைக்கல்வி வகுப்பில் வாய்மொழித் தேர்வு உண்டு, அதில் தேறாமல் முடியாது என்றார்கள். அப்புறம் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "இவன் பாவமே அறியாத சம்மனசு, இவனுக்கு எதற்கு நற்கருணை? ஆசீர்வாதம் போதுமே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சம்மனசு என்றால் தேவதூதன். இந்தச் சம்மனசுப் பேச்சு எனக்கு ஆகாது. சம்மனசு என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். என் மகன் சம்மனசு கிடையாது. தங்கச்சியின் முடியைப் பிடித்து இழுப்பான். தெரிந்தே இழுப்பான், அம்மா பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு இழுப்பான்.

இங்கே மாமிதான் முதலில் பேச்சை எடுத்தார். "நீ யோசியாத பிள்ளை, சுவாமியோட நான் கதைக்கிறன்." கதைத்தும் விட்டார். பங்குத்தந்தை எங்களைக் கூப்பிட்டு, தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகனுக்கு எது பிடிக்கும், எது பயம், எத்தனை நிமிஷம் ஒரு இடத்தில் இருப்பான் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம்தான் திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கினார். வளைகுடாத் தோழிகள் இன்றைக்கும் என்னிடம் கேட்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டம் 913, பிள்ளைக்குப் போதிய அறிவும் நல்ல தயாரிப்பும் வேண்டும் என்கிறது. ஆனால் கிறிஸ்துவின் மறைபொருளை "தன் ஆற்றலுக்கேற்ப" விளங்கிக்கொண்டால் போதும் என்றும் அதே வரி சொல்கிறது. யாருடைய ஆற்றல்? அந்தப் பிள்ளையுடையது. வகுப்பில் முதல் வரும் பிள்ளையுடையது இல்லை. சட்டம் 777, உடலிலோ மனதிலோ குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கு முடிந்த அளவு மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது. தகுந்த மனநிலையோடு, முறையாகக் கேட்டு வருகிறவருக்கு, சட்டத் தடை இல்லாதபோது அருட்சாதனத்தை, அதாவது நற்கருணை போன்ற திருச்சடங்கை, மறுக்கக் கூடாது என்பது 843. இதெல்லாம் புதிதாக வந்த தாராளமும் இல்லை. 1910லேயே பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், புதுநன்மைக்கு ஏழு வயதை ஒட்டிய விவரம் தெரியும் பருவம் போதும், முழு மறைக்கல்வியும் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நற்கருணை அப்பத்தையும் சாதாரண ரொட்டியையும் பிரித்தறிந்தால் சரி என்று ஆணை கொடுத்துவிட்டார். 2007இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் தங்கள் குடும்பத்தின், தங்களோடு கூட வரும் சமூகத்தின் விசுவாசத்திலும் நற்கருணை பெறுகிறார்கள் என்று எழுதினார். கடைசி விஷயத்தைப் பாதர் சொன்னபோது மாமி என் பக்கம் திரும்பி, தானும் இந்தக் கணக்கில் இருப்பதாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அதற்காகச் சட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்ச் சண்டை பிடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறது சலுகை இல்லை என்று தெரிந்துகொண்டு போனால் குரல் நடுங்காது, அவ்வளவுதான்.

மறைக்கல்வி சொல்லித்தந்தது ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். மகனைத் தனியாக வைத்துப் படிப்பிக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "ஏன் மகள், மற்றப் பிள்ளைகளுக்கும் இவனைத் தெரிய வேணுமெல்லோ" என்று வகுப்பிலேயே கதவுக்குப் பக்கத்தில் இடம் போட்டார். முடியாதபோது எழுந்து வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான். யாரும் கூப்பிடுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. வீட்டில் நாங்கள் படங்களை வைத்துப் பழக்கினோம். கோயில் வாசல், பாடகர் இருக்கும் இடம், பீடம், பாதர் கையில் அப்பம் என்று நம் கோயிலிலேயே போனில் எடுத்து, அச்சடித்து, வரிசையாக ஒட்டிய அட்டை. இணையத்தில் கிடைக்கும் வெள்ளைக்காரக் கோயில் படங்கள் அவனுக்கு வேலைக்கு ஆகாது. அது அவனுக்கு வேறு ஒரு இடம். வரிசையில் கடைசிப் படம் மான். பிரட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடாமல் நிற்கும். பூசை முடிந்தால் மான் பார்க்கலாம். கோயில், பாட்டு, அப்பம், மான். இது லஞ்சம் இல்லையா என்று கணவர் கேட்டார். அவர் பத்து வயதில் பூசை முடிந்து ஐஸ்பழம் வாங்கித் தின்றதை மாமி எடுத்துவிட்டார். பேச்சு அங்கே முடிந்தது.

பிரித்தறிவது எப்படி என்று பார்க்க டீச்சர் ஒரு வேலை செய்தார். மேசையில் பாண், பிஸ்கட், பீடத்து அப்பம் என்று படங்களைக் கலந்து போட்டு, ஒரு பக்கம் எங்கள் வீட்டுச் சமையலறைப் படத்தையும் மறுபக்கம் கோயில் படத்தையும் வைத்தார். மகன் பாணையும் பிஸ்கட்டையும் சமையலறைப் பக்கம் தள்ளினான். அப்பத்தின் படத்தைக் கோயில் பக்கம் வைத்துவிட்டு, பூசையில் மாமி செய்வதைப் பார்த்துப் பழகியபடி இரண்டு கையையும் குவித்தான். டீச்சர் அன்றைக்கே பாதரிடம் சொல்லிவிட்டார்.

ஆனால் விளங்குவது வேறு, விழுங்குவது வேறு. அப்பம் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுடுவது. சுவை கிடையாது, வாயில் வைத்ததும் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். என் மகன் இடியப்பத்தைக்கூட ஈரமில்லாவிட்டால் துப்புகிறவன். பூசையில் இன்னும் அர்ச்சிக்காத அப்பங்கள் கொஞ்சம் பாதரிடம் வாங்கி வந்தோம். முதலில் கையில் வைத்துப் பார்த்தான், முகர்ந்தான், உடைத்தான். அப்புறம் உதட்டில் தொட்டான். அடுத்து, நகக்கண் அளவு துண்டு, கூடவே ஒரு மிடறு தண்ணீர். துப்பினான். மறுநாளும் துப்பினான். தண்ணீரை முதலில் கொடுத்து வாயை நனைத்துவிட்டுத் துண்டை நாக்கின் நடுவில் வைத்தபோது உள்ளே போனது. அந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுச் சைவக்கார அக்கா. பிள்ளைக்குக் குளிசை கொடுக்கிற முறையாம். துண்டு எவ்வளவு சிறிதானாலும் அதில் கிறிஸ்து முழுதாக இருக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. அதனால் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார் பாதர். அப்பமே முடியாதவர்களுக்கு இரசம் மட்டும் கொடுக்கவும் வழி உண்டு. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசத்தைத் தண்ணீரும் மருந்தும் முறிக்காது என்பதால் காலை மருந்துக்கும் தடையில்லை. அன்றைக்கே துப்பிவிட்டால்? இரவு தூக்கம் வராமல் செய்த கேள்வி அது. "அப்படி நடந்தா அதைத் தண்ணியில கரைச்சு உரிய இடத்தில விடுவம். அது எங்கட வேலை, நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ" என்றார்.

செய்த பாவத்தைப் பாதரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனம் நான் பயந்த அளவுக்கு இல்லை. முதல் நற்கருணைக்கு முன்னால் அது வர வேண்டும் என்பது முறை. அவனால் செய்ததை வாயால் விவரித்துச் சொல்ல முடியாது. பேச முடியாதவர்கள் சைகையால் அறிக்கையிடலாம். பெட்டிக் கூண்டுக்குள் போகாமல், கோயிலுக்கு வெளியே பெஞ்சில் பாதர் உட்கார்ந்தார். அழுகிற தங்கச்சியின் படத்தை மகன் தன் பையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தான். நாங்கள் தள்ளி நின்றோம். அதற்கு மேல் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

உடுப்புக்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. புது வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது, கழுத்துப் பட்டி என்று மாமிக்கு ஆசை. மகனுக்குப் புதுத் துணி உடம்பில் பட்டாலே கழற்றி எறிய வேண்டும். கடைசியில் அவனுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையே கை கொடுத்தது. இந்த நாட்டில் பையன்களின் சீருடை வெள்ளைச் சட்டை என்பதற்கு அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன சட்டை, கழுத்தின் உள்பக்கம் உறுத்தும் லேபிள் துண்டை எப்போதோ வெட்டியாயிற்று. மாமி நீலம் போட்டு வெளுத்து, பாக்கெட்டில் ஒரு சின்னச் சிலுவையைத் தன் கையாலேயே தைத்துக் கொடுத்தார்.

மற்றப் பிள்ளைகளோடு பெருவிழாவில் வாங்க வைப்பதா, தனியாகவா என்று பாதர் முடிவை எங்களிடமே விட்டார். ஒலிபெருக்கியும் வெடியும் மகனுக்கு ஆகாது. சாதாரண நாள் காலைப் பூசையைத் தேர்ந்தெடுத்தோம். ஒளித்துச் செய்கிறார்களோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று மாமி தெரு முழுக்கச் சொல்லிவைத்ததில், அந்தச் சாதாரண நாள் பூசைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்துவிட்டது. வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து முன்வரிசையில் இருந்தார்கள். எல்லோரும் வெள்ளை. மகன் தண்ணீர் குடித்தான், நாக்கை நீட்டினான், விழுங்கினான். விழுங்கிய கையோடு சத்தமாக "மான்" என்றான். கோயில் முழுக்கச் சிரிப்பு. பாதரும் சிரித்தார்.

இப்போது உறுதிபூசுதல் வருகிறது, திருமுழுக்கை உறுதிப்படுத்துகிற அருட்சாதனம். ஆயர் நெற்றியில் கிறிஸ்மா பூச வேண்டும். ஒலிவ எண்ணெயும் பரிமளத் தைலமும் கலந்தது, வாசனை கூடுதல். நெற்றியில் யார் கை வைத்தாலும் தட்டிவிடுகிற பிள்ளை. தினமும் படுக்கும் முன் தேங்காயெண்ணெய் தொட்டுச் சிலுவை போட்டுப் பழக்குகிறோம், அது ஓரளவு ஆகிவிட்டது. ஆகாதது ஞானத்தந்தை விஷயம். திருமுழுக்குக்கு நின்றவரே இதற்கும் நிற்பது நல்லது என்று சட்டம் சொல்கிறது. திருமுழுக்கு தூத்துக்குடியில் நடந்தது, நின்றவர் என் அண்ணன். உறுதிபூசுதல் விவரமும் அந்தக் கோயில் பதிவேட்டில்தான் போய் ஏறும். மாமியோ தன் தம்பி மகன் நிற்கட்டும், ஊரில் இருக்கிற ஆள்தானே பிள்ளையைப் பார்ப்பான் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அண்ணனிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. எதற்கும் விண்ணப்பம் போட்டு வை என்று சொல்லியிருக்கிறேன்.