மூன்றாம் தடவையில் கைகூடிய துருக்கி மீன் பூலாமா

போன ஞாயிறு மூன்றாவது தடவையாக பூலாமா வைத்தேன். மீனைச் சட்டியில் அடுக்கி, மூடி போட்டு, தக்காளி விடும் சாற்றிலேயே வேகவைக்கும் துருக்கிப் பக்குவம். அதன் பெயரிலேயே ஆவி இருக்கிறது. 'பூஉ' என்றால் அவர்கள் மொழியில் நீராவி.

முதல் தடவை, மீன் குழம்பு வைத்த பழக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டேன். சாறு சப்பென்று ஆகிவிட்டது. இன்னொரு தப்பு, இலை. பிரியாணிக்கு வைத்திருந்த பிரிஞ்சி இலையைப் போட்டதில், மூடியைத் திறந்ததும் பட்டை வாசம்தான் வந்தது. அது பட்டை மரத்தின் உறவு. துருக்கியில் போடும் பே இலை வேறு மரம். கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால் நரம்பைப் பார்த்து வாங்குங்கள்: பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பே இலையில் நடு நரம்பு ஒன்றுதான்.

இரண்டாம் தடவை தண்ணீரே ஊற்றவில்லை, இலையும் சரியானது. ஆனால் நம் மிளகாய்த்தூள் போட்டதில் காரம் மட்டும் முன்னால் வந்து நின்றது. அங்கே போடும் 'புல் பிபேர்' கொரகொரப்பான மிளகாய்ச் சிதறல். விதை குறைவு, காரம் மிதம், லேசான பழ வாசம் உண்டு. அப்புறம் 'சால்ச்சா' என்கிற மிளகாய் விழுது. தென்கிழக்குத் துருக்கியில் கோடையில் மொட்டைமாடியில் தட்டுத் தட்டாகப் பரப்பிக் காயவைப்பார்கள், நம் வீட்டு வடாம் போல.

அதனால் இந்த முறை விழுதை வீட்டிலேயே செய்தேன். நாலு சிவப்புக் குடைமிளகாயைத் தணலில் சுட்டு, தோலுரித்து, அரைத்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் சிறுதீயில் 40 நிமிடம் கிளறினேன். மூன்று கரண்டிதான் மிஞ்சியது, ஆனால் அந்த இனிப்பும் புகை வாசமும்!

ஒரு அங்குல கனத்தில் வெட்டிய கொடுவா 600 கிராம். துருக்கியின் லெவ்ரெக்கும் இதே மாதிரி வெள்ளைச் சதை மீன்தான். அகலச் சட்டியில் எண்ணெய், இரண்டு வெங்காயம், நாலு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகத்தூள், விழுது, நாலு தக்காளி. சீரகமும் கூடுதல் காரமும் என் விருப்பம். வழக்கமான பூலாமா இதைவிடச் சாதுவானது. தக்காளி குழைந்ததும் மீனை ஒரே அடுக்காக வைத்து, மேலே எலுமிச்சை வில்லை, பச்சைக் குடைமிளகாய், பே இலை, புல் பிபேர். மூடிவிட்டு 12 நிமிடம் கரண்டியே போடவில்லை. இரண்டு தடவை சட்டியைப் பிடித்துச் சுழற்றியதோடு சரி.

திறந்தபோது ஓரத்தில் சிவந்த எண்ணெய் சிறு குமிழ்களாகக் கொதித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சை வில்லைகளின் நடுச்சதை கண்ணாடி போல ஆகியிருந்தது. துண்டை முள்கரண்டியால் லேசாக அழுத்தியதும் மீன் ஏடு ஏடாகப் பிரிந்தது, உள்ளே ஈரம் அப்படியே. தட்டில் மிஞ்சிய சாற்றை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டோம்.

ஒரு குறை: எலுமிச்சை வில்லை முதலிலிருந்தே வெந்ததால் தோலின் கசப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த தடவை கடைசி ஐந்து நிமிடத்தில்தான் போடுவேன். கருங்கடல் பக்கம் 'ஹம்சி' என்ற நெத்திலி வகையிலும் பூலாமா வைப்பார்கள். நல்ல நெத்திலி கிடைத்தால் இந்த வாரமே.