கேட்டுக்கு உள்ளே ஐம்பது கிலோ

மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவன் ஒரே வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறான். தினமும் பார்க்கிறவர்கள் கண்ணில் படாத மாற்றம் அவனுக்குப் பளிச்சென்று தெரியும். மாடி எழும்பியிருக்கும், இன்னொரு ஏசி ஏறியிருக்கும், தாத்தா படத்துக்கு மாலை விழுந்திருக்கும். சில வருடங்களாக நான் அதிகம் பார்ப்பது நாய்கள் வளர்கிற வேகத்தை.

முதல் முறை போகும்போது அட்டைப் பெட்டியில் பேப்பர் விரித்துக் குட்டி கிடக்கும். பிள்ளைகள் தூக்கி வந்து என் கையிலேயே கொடுப்பார்கள். அடுத்த முறை போர்டிகோ தூணில் சங்கிலி. செருப்பைக் கடிக்கும், வாலையும் ஆட்டும். அதற்கடுத்த முறை வால் ஆடாது. வருடம் திரும்புவதற்குள் வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகவே சொல்லிவிடுவார்: "சார், கேட்டைத் தொட்டுடாதீங்க, அவரு வரட்டும்." அவர் வராவிட்டால் ‘டோர் லாக்’ என்று போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். பில் தப்பாக வந்துவிட்டது என்று ஆபீசுக்குச் சண்டைக்கு வருகிறவரும் அவரேதான்.

சேலத்தில் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், கன்னங்குறிச்சிப் பக்கம் முன்பெல்லாம் பொமரேனியன்தான். கொஞ்சம் வசதி கூடினால் அல்சேஷன், லாப்ரடார். (பொமரேனியன் கடியைக் கேலி செய்கிறவர்கள் யாரும் ரீடிங் எடுத்தவர்கள் இல்லை.) இப்போது "என்ன ஜாதிங்க?" என்று கேட்டால் "ராட்வீலர் கிராஸ் சார்" என்கிறார்கள். எதோடு கிராஸ் என்றால் பதில் வீட்டுக்கு வீடு மாறும். பிட்புல், கேன் கோர்சோ, அலபாய், சிலருக்கு எல்லாமே. "டபுள் போன் சார், பாதத்தைப் பாருங்க" என்று, எலும்பு எவ்வளவு தடிமன் என்பதற்குக் குட்டியின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டுவார்கள். தாய் நாயைப் பார்த்தீர்களா என்று நான் கேட்பது வழக்கம். பெரும்பாலும் போனில் வீடியோதான் பார்த்திருப்பார்கள். அந்த வீடியோவில் தாய் குரைப்பதுதான் விற்பனைச் சரக்கே.

இந்த நாய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் இருந்தது. ராட்வீலர் ஜெர்மனியின் ராட்வைல் நகரத்தில் மாடு ஓட்டவும், கசாப்புக்காரர்களின் வண்டி இழுக்கவும் இருந்த நாய். அலபாய் மத்திய ஆசியாவில் ஆட்டு மந்தையோடு நடந்து ஓநாயை விரட்டியது. யாரையும் கேட்காமல் தானே முடிவெடுப்பதுதான் அதன் வேலை. பிட்புல்லின் முன்னோர்களை நாய்ச் சண்டைக்கென்றே பெருக்கினார்கள். இவற்றில் இரண்டைச் சேர்த்தால் குட்டிக்கு எதிலிருந்து எது வரும் என்று விற்கிறவருக்கே தெரியாது. கிடைத்த குட்டி சாந்தமாகவும் இருக்கலாம், நான் பார்த்ததில் பல அப்படித்தான். ஆனால் வாங்கியவர் அதற்கு ஆயத்தமாக இல்லை. நாய் பெரிதாக இருந்தால் காவல் தானாக வந்துவிடும் என்று நினைத்து வாங்கியிருக்கிறார்.

2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. ராட்வீலர், பிட்புல் உட்பட 23 வகை நாய்களையும் அவற்றின் கலப்பினங்களையும் விற்கவோ இனப்பெருக்கம் செய்யவோ விடக்கூடாது என்றது. ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்று அதை ரத்து செய்தது. மே முதல் வாரத்தில் சென்னை நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் குதறின. அந்த வாரம் எந்த கேட்டில் நின்றாலும் அதே பேச்சு. "நம்மது அப்படியில்லைங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். பட்டியல் போடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நாளைக்கே தடை வந்தால் எங்கள் பகுதி நாய்கள் அத்தனையும் ‘லாப்ரடார் கிராஸ்’ ஆகிவிடும்.

இருக்கிற சட்டத்தையே யாரும் சீண்டுவதில்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது, இனப்பெருக்கம் செய்கிறவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 விதிகள். நான் பார்த்த அட்டைப் பெட்டிக் குட்டிகளில் சில சரியாக நடக்கக்கூடப் பழகவில்லை. எந்நேரமும் கட்டி வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். கவனக்குறைவால் வளர்ப்புப் பிராணி ஆளைக் கடித்தால் பாரதிய நியாய சம்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரை ஒரு கிராஸ் நாய் தொடையில் பிடித்தது. சங்கிலி இருந்தது, கொக்கி தேய்ந்திருந்தது. ஓடிவந்த வீட்டுக்காரர் முதலில் சொன்னது, "ஊசி போட்ட நாய்தாங்க, பயப்படாதீங்க." எந்தத் தேதியில் போட்டது என்றதும் அட்டையைத் தேடப் போய்விட்டார். நாங்கள் தெருக்குழாயில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். அன்றைக்கு வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு 3, 7, 28ஆம் நாள். காயம் ஆழமாக இருந்ததால் காயத்தைச் சுற்றியும் உடனடிப் பாதுகாப்புக்கான இம்யூனோகுளோபுலின் மருந்து போட்டார்கள். அட்டை கடைசி வரை கிடைக்கவில்லை.

ஏற்காட்டு டூட்டி வேறு மாதிரி. நாகலூர், செம்மடுவு வழியில் எஸ்டேட் பங்களாக்கள். முதலாளி சேலத்திலோ பெங்களூரிலோ இருப்பார், சனிக்கிழமை வந்தால் உண்டு. நாய் வாட்ச்மேனிடம். சோறு வைப்பது வாட்ச்மேன் மனைவி, அதற்குத் தெரிந்த மனுஷி அந்த அக்கா ஒருத்திதான். சனிக்கிழமை காரில் வந்து இறங்குகிறவர் அதன் கணக்கில் வேற்றாள். "ஐயாவையே உறுமுது தம்பி, நான் பிடிச்சுக்கிட்டாத்தான் இறங்குவாரு" என்றார் அந்த அக்கா. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் காப்பிப் பழம் பறிக்கப் போகிற பெண்கள் அந்த வேலியை ஒட்டித்தான் விடியற்காலையில் நடக்கிறார்கள். மலையில் குளிராவது உண்டு. கீழே ஏப்ரல் வெயிலில், தகரக் கூண்டுக்குள் அந்த ரோமத்தோடு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும் நாய்களைப் பார்த்தால் பயத்தைவிடப் பரிதாபம்தான் வருகிறது.

சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிப் பட்டறை. கொலுசு வேலை. அங்கே காவல் தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரிடமும் ராட்வீலர் கிராஸ்தான், சுலபமாக ஐம்பது கிலோ இருக்கும். ஆனால் அது பட்டறைக்குள்ளேயே வளர்ந்தது. பற்றவைக்கிறவர், மெருகு போடுகிறவர், சரக்கு எடுக்க வருகிறவர் என்று காலையிலிருந்து ஆள் போக்குவரத்து. குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை பார்த்துப் பழகியதெல்லாம் பிறகு பயமுறுத்தாது என்று கால்நடை மருத்துவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். தடுப்பூசி முடியாத நாட்களில் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டே கடைவீதியைச் சுற்றிக் காட்டினாராம். பங்களா வீட்டுக்காரர்கள் சரியாக அந்த வாரங்களில்தான் குட்டியைப் பூட்டி வைக்கிறார்கள்.

அவர் வீட்டில் இரண்டு கேட். வெளிக் கேட்டுக்கும் உள் கேட்டுக்கும் நடுவில் மீட்டர். விடிவதற்கு முன் வாய்மூடி போட்டு நடக்கக் கூட்டிப்போகிறார், பிடிப்பது அவர்தான், பையனிடம் கொடுப்பதில்லை. நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டார். "நாய் உங்ககிட்ட வாலாட்டணும்னு இல்லீங்க சார், உங்களைக் கண்டுக்காம படுத்திருந்தாப் போதும்" என்றார். உண்மையிலேயே அது தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அவருக்கு இதற்காகும் செலவும் நேரமும் எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் வாங்காமல் இருக்கலாம். நம் நாட்டு நாய் கோம்பையை வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள், அதுவும் கட்டிப்போட்டு வளர்க்கிற நாய் இல்லை.

போன முறை கன்னங்குறிச்சியில், நான் மூன்று தடவை ‘டோர் லாக்’ போட்ட வீட்டுக்காரர் பிரிவு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மீட்டரை வெளிச் சுவருக்கு மாற்ற வேண்டுமாம். விண்ணப்பம், எஸ்டிமேட், பணம் கட்டுவது, உள்ளே ஒயரிங்கை அவருடைய எலக்ட்ரீசியன் மாற்றித் தருவது எல்லாம் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

"அப்ப சிலிண்டர் போடுற பையன்?" என்று கேட்டேன்.

"அவன் கேட்டுக்கு வெளியேயே வச்சுட்டுப் போயிருவான் சார். நாங்க உருட்டிக்குவோம்."

"பக்கத்து வீட்டுப் பசங்க பந்து உள்ள விழுந்தா?"

விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டார்.