ஈச்ச வெல்லத்திலும் ஹந்தேஷ் உப்பிவிட்டது

நேற்று ராத்திரி ஹந்தேஷ் ஒருவழியாக உப்பிவிட்டது. அரிசி மாவைக் கரைத்து எண்ணெயில் ஊற்றிச் சுடும் வங்கதேசத்து இனிப்பு அப்பம் இது. அதுவும் சர்க்கரை ஹந்தேஷ் இல்லை, ஈச்ச வெல்லம் போட்டது. சர்க்கரையில் எவர் போட்டாலும் உப்பும். வெல்லத்தில் உப்பவைத்தால்தான் கீழ்வீட்டு காலாம்மா (வங்காளத்தில் சித்தி, பெரியம்மாவைக் கூப்பிடுவது) கணக்கில் அது ஹந்தேஷ். அவர் வங்கதேசத்தின் வடகிழக்கில் இருக்கும் சில்ஹெட்காரர். ஈத் வந்தால் லண்டன் சில்ஹெட் வீடுகளில் முதலில் எண்ணெய்ச் சட்டியில் விழுவது இதுதான். டாக்காப் பக்கம் தேலேர் பிட்டா, போவா பிட்டா என்று இதன் அண்ணன் தம்பிகள் இருக்கின்றன. அதைச் சொன்னால் காலாம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கந்தரப்பம் சுட்டவர்களுக்கு நான் அடிப்படை சொல்ல வேண்டியதில்லை. பெரிய வித்தியாசம், இதில் உளுந்து கிடையாது. பச்சரிசி மாவு, மைதா, இனிப்பு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். பருப்பின் தயவு இல்லாமல் உப்ப வேண்டும் என்பதுதான் பிடுங்கல்.

உப்பாவிட்டால் எண்ணெய்ச் சூட்டைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெர்மாமீட்டர் வைத்து 175 டிகிரியில் பிடித்து நிறுத்தியபோதும், வெல்ல மாவு தட்டையாகக் கிடந்தது. அதே சட்டியில் சர்க்கரை மாவு குண்டாக எழுந்தது. கோளாறு மாவில்தான்.

ஊற்றிய கரண்டி மாவு அடியில் உட்கார்ந்து, விளிம்பு வெந்து, மிதந்து மேலே வரும். அப்போது இரண்டு பக்கத் தோலும் இறுகி, நடு மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். அந்த ஈரம் ஆவியாகித் தோலைத் தூக்கும். கிழியாமல் இழுபடுவது மைதாவின் வேலை. இனிப்பு கூடிவிட்டால் தோல் இறுகத் தாமதமாகும், விளிம்பு சல்லடையாகி எண்ணெயில் கரையும். வெல்லத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கட்டிக்குக் கட்டி மாறும்.

இப்போது நான் செய்வது இப்படி: வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி (நாரும் மண்ணும் நிச்சயம் வரும்), விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறவிடுகிறேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அரிசி மாவு பாதி வெந்து களியாகிவிடும்; அப்புறம் தண்ணீர் விட்டு இளக்கினால் தோல் நிற்காது. மீதித் தண்ணீரை வெதுவெதுப்பாக, கரண்டி கரண்டியாக. தூக்கி ஊற்றினால் மாவு அறுபடாமல் நாடாவாக விழ வேண்டும். மூடி வைத்து நாலைந்து மணி நேரம் ஊறட்டும்.

இதற்கப்புறம் ஒன்று இருக்கிறது, எந்த வீடியோவிலும் அழுத்திச் சொல்வதில்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னால் அடிவரை கலக்க வேண்டும். அரிசி மாவு அடியில் தங்கிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு அழகாக வந்து அடுத்தது படுத்துவிடுவது இதனால்தான், சூட்டால் இல்லை. சின்ன, குழிவான சட்டி. ஒரு நேரத்தில் ஒன்று. நடுவில் ஒரே மூச்சில் ஊற்றி, மிதந்ததும் மேலே எண்ணெயை அள்ளி அள்ளித் தெளிக்க வேண்டும். நேற்று அப்படித் தெளிக்கும்போதே ஓரத்தில் ஒரு கொப்புளம் கிளம்பி, நடுவுக்கு ஓடி, முழுசும் தூக்கிக்கொண்டது. கத்திவிட்டேன்.

வெல்லத்தைப் பற்றி ஒரு புலம்பல். கிழக்கு லண்டனின் டவர் ஹேம்லெட்ஸ் வட்டாரத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் வங்கதேச வம்சாவளி (2021 கணக்கெடுப்பில் 34.6 சதவீதம்). அங்கே இருக்கும் வைட்சேப்பல் ஸ்டேஷனிலேயே 2022 முதல் வங்காளத்தில் பெயர்ப்பலகை தொங்குகிறது. அப்படிப்பட்ட இடத்தில், ஒரு கடையில் 'அசல் ஜெசோர் பட்டாலி' (ஜெசோர் ஊர் ஈச்ச வெல்லக் கட்டி) என்று கொடுத்ததைக் கரைத்தால் வெறும் சர்க்கரை வாசனை. நல்ல ஈச்ச வெல்லத்தில் லேசான புகை மணம் இருக்கும். நகத்தால் கீறினால் மென்மையாக உதிரும். கல்லு மாதிரிப் பளபளத்தால் வாங்காதீர்கள். பதநீர் இறக்குவது பனிக்காலத்தில்தான் என்பதால் ஜனவரி, பிப்ரவரியில் வரும் சரக்கு தேவலை. காலாம்மாவுக்கு மட்டும் ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் வந்துவிடுகிறது.

அவருடைய மகளுக்குக் கல்யாணமாகி முதல் ரமலான் இது. சில்ஹெட்டில் பெண் வீட்டார் சம்பந்தி வீட்டுக்கு இஃப்தார் பலகாரம் தட்டுத் தட்டாக அனுப்ப வேண்டும். வெயில் காலம் வந்தால் மாம்பழமும் பலாப்பழமும் தனி. இங்கே லண்டன் பக்கத்து லூட்டனில் இருக்கும் சம்பந்திக்கும் அதே முறைதான். சில்ஹெட்டில் இப்படியே பெண்ணைப் பெற்றவர்கள் கடனாளி ஆகிறார்கள், இதை நிறுத்தணும் என்று மகள் சண்டை போடுகிறாள். எனக்கு மகள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் பலகாரம் சுட என்னைக் கூப்பிட்டால் போகாமல் இருக்கமாட்டேன்.

வெல்லமும் மாவும் எந்த அளவு என்று இன்னும் முடிவாகவில்லை. மைதாவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் சுங்கா பிட்டா ஆசை வந்துவிட்டது: பிரோயின் என்னும் ஒட்டும் அரிசியை, டோலு என்னும் மூங்கில் வகையின் பச்சைக் குழாயில் அடைத்து வைக்கோல் நெருப்பில் சுடுவது. டோலு மூங்கிலில் ஈரம் அதிகம், குழாய் எரியாமல் அரிசி வெந்துவிடும். இங்கே நர்சரி மூங்கிலுக்கு மருந்து அடித்திருப்பார்களோ என்று பயம். லண்டனில் சாப்பாட்டுக்கு ஆகிற பச்சை மூங்கில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.