காசிக்கு 7 கிலோவுல போலாமுங்க

பை கனமாகறதுக்கு காரணம் சாமான் அதிகமா எடுக்கறதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறவ, தெனமும் துணியோடயே பொழப்பு, என்னைக் கேட்டா துணி எவ்வளவு நேரத்துல காயுதுங்கறதுல தான் எல்லாமே இருக்குதுங்க. ராத்திரி தொவைச்சுப் போட்டா காலைல காஞ்சிருக்கற துணின்னா மூணு செட்டுல எத்தனை நாள் வேணா ஊர் சுத்தலாம், காயாத துணின்னா நாளுக்கு ஒரு செட்டுன்னு மூட்டை தான் கட்டோணும்.

இதுல நான் இவ்வளவு மெனக்கெட்டதே எங்கம்மாவுக்காகத்தான். முழங்கால் வலி வந்ததுல இருந்து எங்க கூப்பிட்டாலும் "நீங்க போய்ட்டு வாங்க கண்ணு, நான் வந்தா பொட்டியவும் தூக்கோணும் என்னையவும் தூக்கோணும்"னு ஒரே பேச்சா சொல்லிருவாங்க. ஆனா காசிக்குப் போகோணும்னு அவங்களுக்கு நெம்ப நாள் ஆசை, அப்பா இருந்தப்பவே பேசிப் பேசி தள்ளிப்போனது. வயசானவங்க நெறைய பேரு ஊருக்கு வராம இருக்கறது காலு வலிக்குதுன்னு மட்டும் இல்லீங்க, அடுத்தவங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு தான். அதனால அம்மா பையை அம்மாவே தோள்ல மாட்டிட்டு நடக்கற அளவுக்கு இருக்கோணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் டிக்கெட்டே போட்டேன்.

காசில இது சும்மா ஆசைக்குச் சொல்றதில்லைங்க, அங்க வேற வழியே கெடையாது. ஆட்டோ, இ-ரிக்‌ஷா எல்லாம் கோதௌலியா பக்கம் எறக்கி விட்டுட்டுப் போயிரும், அதுக்கப்புறம் கல்லு பாவின சந்து, குறுக்க மாடு, பின்னாடி பைக்கு ஹாரன், கரைக்கு எறங்கறதுக்கு செங்குத்தா படிக்கட்டு, சக்கரம் வெச்ச பொட்டி அங்க உருளவே உருளாது, தூக்கித்தான் ஆகோணும்.

மொதல்ல பையைப் பாருங்க. ஃப்ளைட்ல கைல கொண்டு போறதுக்கு 7 கிலோ தான் பொதுவா விடறாங்க, அதுல கெட்டியான டிராலி பொட்டின்னா வெறும் பொட்டியே ரெண்டரை மூணு கிலோ போயிரும், மிச்சம் நாலு கிலோவுல என்னத்தை வெக்கறது. துணில தெச்ச தோள்பை ஒரு கிலோவுக்குள்ள முடிஞ்சிரும். வீட்டுல தொங்கவுட்டுப் பாக்கற தராசு இல்லீன்னா பரவால்ல, எடை பாக்கற மெஷின்ல பையோட ஒருக்கா, பையில்லாம ஒருக்கா ஏறி கழிச்சுப் பாத்துக்கோங்க.

துணிக்கு வரேன். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்குதுங்கற கணக்கைத்தான் ஜிஎஸ்எம்னு சொல்லுவோம். அதைப் பாக்கறதுக்கு எங்க கம்பெனில ஜிஎஸ்எம் கட்டர்னு ஒன்னு இருக்கும், வட்டமா இருக்கும், துணி மேல வெச்சு ஒரு திருகு திருகுனா 100 சதுர சென்டிமீட்டர் வட்டமா வெட்டிக் குடுக்கும், அதைச் சின்ன தராசுல போட்டு வர்ற கிராமை 100-ஆல பெருக்குனா அதான் அந்தத் துணியோட ஜிஎஸ்எம். 180 ஜிஎஸ்எம் டீசர்ட் மீடியம் சைஸ்ல சுமாரா 150 கிராம் வரும், ஜீன்ஸ் துணியோ 400-ஐத் தொடும், ஒரு பேண்ட்டே அரை கிலோவுக்கு மேல. அதுவும் ஜீன்ஸ் நனைஞ்சா இடுப்புப் பட்டியும் பாக்கெட் மடிப்பும் அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் சொதசொதன்னு தான் இருக்கும். பருத்தி நூலு சாதாரணமா காத்துல இருக்கற ஈரத்தையே தன் எடையில 8 சதவீதம் போல இழுத்து வெச்சுக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம் கூட இழுக்காது. வேர்க்கற ஊருக்கு பருத்தி தான் சொகம், அதை நான் மறுக்க மாட்டேன், ஆனா பயணத்துக்கு கலப்புத் துணி தானுங்க நல்லது.

அம்மாவுக்கு மூணே மூணு பூனம் சேலை. "கோயிலுக்குப் போறப்ப பட்டு கட்டோணும் கண்ணு"ன்னாங்க, மெல்லிசா ஒரு ஆர்ட் சில்க் பாத்து வாங்கிக் குடுத்தேன், பாத்தவொடனே மூஞ்சி மலர்ந்துருச்சு. பூனம் சேலை ஃபேன் காத்துலயே காஞ்சிரும், வம்பு பண்றது பாவாடை தான். முழுசும் காஞ்ச மாதிரி இருக்கும், நாடா கோக்கற மடிப்பைத் தொட்டுப் பாத்தா ஜில்லுனு ஈரம். அதுக்கு ஒரு வழி இருக்குதுங்க. நம்ம சென்னிமலை பக்கம் நெய்யற ஈரிழைத் துண்டு இருக்குல்ல, அதைக் கட்டில்ல விரிச்சு, புழிஞ்ச பாவாடையை அது மேல பரத்தி, ரெண்டையும் சேத்து பாயாட்டம் இறுக்கச் சுருட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் புடிச்சு முறுக்கோணும். தண்ணி பூரா துண்டுக்கு வந்துரும், அப்புறம் நாடாப் பக்கம் மேல வர்ற மாதிரி காயப்போட்டா காலைல கட்டிக்கலாம். துண்டும் மெல்லிசு தானே, அதுவும் கூடவே காஞ்சிரும். டர்க்கி டவலை வெச்சு இதைப் பண்ணிட்டு அதைக் காய வெக்க முடியாதுங்க, வீட்டுலயே இருக்கட்டும்.

மார்கழி தைல காசில ராத்திரி 10 டிகிரிக்கும் கீழ போகும், அதுக்குன்னு தடிமனா ஒரே ஸ்வெட்டர் வேண்டாம், உள்ள ஒரு தெர்மல், மேல மெல்லிசா ஸ்வெட்டர், அதுக்கு மேல சால்வை. இருக்கறதுலயே கனமானதை ஒடம்புல போட்டுட்டு ஏறிரோணும். மாத்திரை எல்லாம் டாக்டர் சீட்டோட கைப்பைல, அதை மட்டும் பெரிய பைல போட்டு லக்கேஜ்ல உட்றாதீங்க.

அப்புறம் ஒரம்பரை, அதான் சொந்தபந்தம். நம்மூர்ல ஒருத்தர் தூரமாப் போறாங்கன்னா தெரிஞ்சா சும்மா உடுவாங்களா, பெரியம்மா முறுக்கு, அத்தை எள்ளுருண்டை, "ஆத்திர அவசரத்துக்கு ஆகும், வெச்சுக்கோ"ன்னு பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஃப்ளாஸ்க்கு. பாசத்துல குடுக்கறதை வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வராது, அதனால ஒரு கிலோவுக்கு எடத்தை மொதல்லயே காலியா உட்டு வெச்சேன். கட்டுச்சோறு கொண்டு போனா எலைல கட்டிக்கோங்க, தின்னு முடிச்சாப் பாரம் கொறையும், எவர்சில்வர் டப்பான்னா திரும்பி வர்ற வரைக்கும் வெறும் டப்பாவைச் சொமக்கோணும். ஒன்னே ஒன்னு, காங்கேயம் பக்கம் இருக்கறவங்க கொப்பரைத் தேங்காயைப் பைல போட்டு உடுவாங்க, ஃப்ளைட்டுக்கு அது ஆகவே ஆகாதுங்க. கொப்பரைல எண்ணெய் இருக்கறதால தானா சூடேறி தீப்புடிக்கற சரக்குன்னு கணக்குல வெச்சிருக்காங்க, எடுத்து வெளிய வெச்சிருவாங்க. குடுக்கறவங்ககிட்ட இதைச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

அம்மா பை அஞ்சரை கிலோ வந்துச்சு. கோதௌலியால எறங்குனதும் நான் கை நீட்டுனேன், "இரு கண்ணு, நானே கொண்டாறேன்"னு மாட்டிட்டு எனக்கு முன்னாடி நடந்தாங்க. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

இப்ப ராமேஸ்வரம் போலாமான்னு அவங்களே கேக்கறாங்க. அங்க கோயிலுக்குள்ள 22 தீர்த்தம், ஒவ்வொன்னுலயும் தண்ணி ஊத்துவாங்க, ஒடம்போட ஒட்டி நிக்காத துணியா, ஈரம் சொட்டி சீக்கிரம் காயறதா வேணும். அதுக்காக எங்க டெய்லர்கிட்ட மைக்ரோ பாலியஸ்டர்ல நாடா மடிப்பே இல்லாம, ஒத்தைப் பட்டி எலாஸ்டிக் வெச்சு ஒரு பாவாடை தெச்சுக் குடுக்கச் சொல்லிருக்கேன். தெச்சு வந்ததும் நனைச்சுக் காயப்போட்டுப் பாத்துட்டு எழுதறனுங்க, அளவு வேணுங்கறவங்க கேளுங்க.